குற்ற விகிதத்தைப் படிக்கக் கற்பது: சமூக, பொருளாதாரக் காரணிகளை ஆராயப் புகுவோருக்கு ஒரு வழிகாட்டி

வறுமை பெருகினால் குற்றம் பெருகும், வேலையற்ற இளைஞர்கள் கூடினால் திருட்டு கூடும், கல்வி பரவினால் எல்லாம் அடங்கிவிடும் என்ற நம்பிக்கைகளுள் ஏதேனும் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டுதான் பெரும்பாலோர் இத்துறைக்குள் வருகிறார்கள். மூன்றிலும் உண்மையின் ஒரு பங்கு உண்டு. ஆனால் அவற்றை ஒரு நாட்டின் குற்ற விகிதத்தோடு பொருத்திப் பார்க்கத் தொடங்கியவுடன், ஏழை மாநிலத்தில் குற்றம் குறைவாகவும் படித்த மாநிலத்தில் அதிகமாகவும் பதிவாகியிருப்பதைக் கண்டு புதியவர்கள் திகைத்து நிற்கிறார்கள். அந்தத் திகைப்பைத் தாண்டிச் செல்வதற்கான வழியை, இந்தியாவின் தரவுகளை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு, படிப்படியாக இங்கே விளக்குகிறேன். கல்லூரி ஆய்வேடு எழுதும் மாணவரும், மாவட்டச் செய்திகளை எழுதும் இதழாளரும், தன் ஊரின் பாதுகாப்பைப் பற்றிப் பேச விரும்பும் குடிமக்களும் இதைப் பின்பற்றலாம். எக்செல் போன்ற ஒரு கணக்குத்தாளும் பொறுமையும் போதும்.

முதல் படி: எண் பிறக்கும் இடத்தைப் பாருங்கள்

இந்தியாவின் குற்றப் புள்ளிவிவரங்களைத் தொகுத்து வெளியிடுவது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். 1953 முதல் ஆண்டுதோறும் வெளிவரும் அகில இந்தியத் தொகுப்பை, 1986இல் நிறுவப்பட்ட இந்த அமைப்பு இப்போது தயாரிக்கிறது. காவல் நிலையத்தில் பதிவாகும் விவரம் மாவட்டம் வழியாக மாநிலக் குற்ற ஆவணக் காப்பகத்துக்கும், அங்கிருந்து தில்லிக்கும் செல்கிறது. ஆகவே நாடு முழுமைக்குமான எண்ணின் பிறப்பிடம் காவல் நிலையத்தின் எழுத்தர் மேசைதான். அந்த மேசையில் முதல் தகவல் அறிக்கையாக (எஃப்.ஐ.ஆர்.) எழுதப்படாத எதுவும் தேசிய எண்ணிக்கைக்குள் வருவதில்லை.

தமிழ்நாட்டில் காவல் நிலையத்துக்குச் சென்றவர்கள் அனைவரும் சி.எஸ்.ஆர். ரசீதை அறிவார்கள். புகார் பெறப்பட்டது என்பதற்கான ஒப்புகை அது, எஃப்.ஐ.ஆர். அன்று. காணாமற்போன கைப்பேசி, தெருச் சண்டை, கணவன் மனைவித் தகராறு எனப் பல புகார்கள் அந்த ரசீதோடு நின்றுவிடுகின்றன. சில, எதிர்த்தரப்பை அழைத்துப் பேசிச் சமரசமாக முடிகின்றன. சமரசம் நன்றா தீதா என்பது வேறு விவாதம். நம் ஆய்வுக்கு முக்கியமானது, அந்த நிகழ்வு புள்ளிவிவரத்தில் இல்லை என்பதே. பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் எஃப்.ஐ.ஆர். பதிவது கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2013இல் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு எந்த மாநிலத்தில் எவ்வளவு உண்மையாகக் கடைப்பிடிக்கப்படுகிறது என்பதைப் பொறுத்து, அந்த மாநிலத்தின் குற்ற விகிதம் ஏறும் அல்லது இறங்கும்.

2012 டிசம்பரில் தில்லியில் மருத்துவம் சார்ந்த படிப்பில் இருந்த மாணவி ஒருவர் கூட்டு வன்கொடுமைக்கு உள்ளாகி இறந்தபின் நாடே கொந்தளித்தது. 2013இல் சட்டம் திருத்தப்பட்டது. பாலியல் குற்றப் புகாரைப் பதிய மறுக்கும் காவலருக்குத் தண்டனை விதிக்கும் பிரிவும் சேர்ந்தது. 2012இல் நாடு முழுவதும் 24,923 ஆக இருந்த பாலியல் வல்லுறவு வழக்குகள் 2013இல் 33,707 ஆயின. ஓராண்டில் ஆண்களின் கொடுமை மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது என்று இதைப் படிப்பவர், அதுவரை வாய்மூடி இருந்த பெண்கள் காவல் நிலையத்துக்கு வரத் துணிந்ததைக் காணத் தவறுகிறார். சட்டத்தின் வரையறை விரிந்ததும் இந்த உயர்வில் கலந்திருக்கிறது. பதிவு கூடுவதும் குற்றம் கூடுவதும் வேறு வேறு என்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகமே தன் ஆண்டுத் தொகுதிகளின் முன்பகுதியில் எச்சரிக்கையாகச் சொல்கிறது. அட்டவணைகளுக்குப் பாய்ந்து செல்லும் முன் அந்த முன்பகுதியை ஒருமுறை முழுமையாகப் படியுங்கள்.

அதே பகுதியில் இன்னொரு விதியும் விளக்கப்பட்டிருக்கும். ஒரே எஃப்.ஐ.ஆரில் பல குற்றங்கள் இருந்தால், அவற்றுள் மிகக் கடுமையான தண்டனைக்குரிய குற்றம் மட்டுமே எண்ணப்படும். வல்லுறவுக்குப் பின் கொலை என்றால் அது கொலைக் கணக்கில் சேரும். வல்லுறவுக் கணக்கில் வராது. எனவே சில குற்றங்களின் எண்ணிக்கை இயல்பாகவே குறைத்துக் காட்டப்படுகிறது.

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்ததையும் மனத்தில் கொள்ளவேண்டும். சங்கிலிப் பறிப்பு போன்ற பறிப்புச் செயல்கள் தனிக் குற்றமாக வரையறுக்கப்பட்டுள்ளன. மூன்று ஆண்டு முதல் ஏழாண்டுக்குக் குறைவான தண்டனைக்குரிய குற்றங்களில், எஃப்.ஐ.ஆர். பதியும் முன் உயரதிகாரியின் அனுமதியோடு பதினான்கு நாள்களுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்தவும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் இடமளிக்கிறது. 2023 வரையிலான எண்களையும் அதற்குப் பிந்தியவற்றையும் ஒரே கோட்டில் இணைத்து வரைபடம் போடுபவர்கள், இந்த இடத்தில் ஒரு செங்குத்துக் கோடு இட்டு அடிக்குறிப்பு எழுதுவது கட்டாயம்.

இரண்டாம் படி: எதனால் வகுத்தார்கள் என்று கேளுங்கள்

குற்ற விகிதம் என்பது ஒரு லட்சம் மக்களுக்கு எத்தனை குற்றங்கள் என்ற கணக்கு. பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்கு ஒரு லட்சம் பெண்கள் என்றும், குழந்தைகளுக்கு எதிரானவற்றுக்கு ஒரு லட்சம் குழந்தைகள் என்றும் வகுக்கிறார்கள். எண்ணிக்கையை மட்டும் வைத்து உத்தரப் பிரதேசத்தைக் கோவாவோடு ஒப்பிடும் தலைப்புச் செய்திகள் ஆண்டுதோறும் வருவதால் இதைச் சொல்லவேண்டியிருக்கிறது.

நம் நாட்டில் கடைசியாக வெளிவந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2011ஆம் ஆண்டினது. மாநிலங்களுக்கு மதிப்பீட்டு மக்கள்தொகையைப் பயன்படுத்தும் காப்பகம், பெருநகர அட்டவணைகளில் 2011ஆம் ஆண்டின் எண்ணையே வைத்துக்கொண்டு வந்திருக்கிறது. பதினைந்து ஆண்டுகளுக்கு முந்திய மக்கள்தொகையால் இன்றைய குற்றத்தை வகுத்தால், வேகமாக வளர்ந்த நகரம் உள்ளதைவிட ஆபத்தானதாகத் தோன்றும். பெங்களூரையும் கொல்கத்தாவையும் ஒப்பிடும்போது இந்த வேறுபாடு சிறியதன்று.

மூன்றாம் படி: மொத்தத்தை விட்டுக் கொலைக்கு வாருங்கள்

2019இல் இந்தியாவில் 51,56,158 குற்றங்கள் பதிவாயின. 2020இல் அது 66,01,285 ஆனது, விகிதம் 385.5இலிருந்து 487.8க்கு ஏறியது. பொது முடக்கத்தால் மக்கள் வீட்டுக்குள் அடைந்து கிடந்த ஆண்டில் குற்றம் இவ்வளவு ஏறியது எப்படி? அரசு அலுவலரின் ஆணையை மீறியதற்கான இந்திய தண்டனைச் சட்டத்தின் 188ஆம் பிரிவின் கீழ் மட்டும் 2019இல் 29,469 ஆக இருந்த வழக்குகள் 2020இல் 6,12,179 ஆயின. ஊரடங்கு நேரத்தில் வெளியே வந்தவர்மேல் போட்ட வழக்கும் கொலை வழக்கும் மொத்தத்தில் ஒன்றுக்கொன்று சமமாகவே எண்ணப்படும். உண்மையில் அவ்வாண்டு திருட்டும் வழிப்பறியும் குறைந்திருந்தன. கொலை 28,915இலிருந்து 29,193க்குச் சற்றே கூடியது.

மொத்த விகிதத்தை வைத்துப் பார்த்தால் கேரளம் பீகாரைவிடப் பல மடங்கு குற்றம் மலிந்த மாநிலமாகத் தெரியும். கொலை விகிதத்தைப் பார்த்தாலோ, 2022இல் கேரளத்தில் லட்சத்துக்கு ஏறத்தாழ ஒன்று, பீகாரில் இரண்டுக்கும் மேல், ஜார்க்கண்டில் நான்கு. கேரளத்தில் எழுத்தறிவு அதிகம், காவல் நிலையம் அருகில் உண்டு, புகார் கொடுத்தால் பதிவார்கள் என்ற எதிர்பார்ப்பும் உண்டு. போக்குவரத்து, மது, போதைப்பொருள் தொடர்பான சிறு வழக்குகளும் முறையாக ஏறுகின்றன. உயர்ந்த மொத்த விகிதம் சில வேளைகளில் நல்ல நிர்வாகத்தின் அடையாளம். இந்த ஒரு செய்தியை மட்டும் இக்கட்டுரையிலிருந்து எடுத்துக்கொண்டாலும் எனக்கு நிறைவே.

உடல் கிடக்கும் இடத்தில் பதிவை மறைப்பது கடினம் என்பதால்தான் உலகெங்கும் ஆய்வாளர்கள் கொலை விகிதத்தை நம்புகிறார்கள். ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகம் 2021இல் உலகில் ஏறத்தாழ 4,58,000 பேர் வேண்டுமென்றே கொல்லப்பட்டதாக மதிப்பிட்டது; லட்சத்துக்கு 5.8. அமெரிக்கக் கண்டங்களில் அது ஏறத்தாழ 15. ஜப்பானில் ஒன்றில் கால் பங்கை ஒட்டி நிற்கிறது. இந்தியாவின் எண்ணை இவற்றோடு ஒப்பிடும்போது, நம் கொலை அட்டவணையில் வரதட்சணை மரணங்கள் சேராமல் தனியே நிற்பதை மறக்காதீர்கள். ஆண்டுக்கு ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட அந்த மரணங்களை விட்டுவிட்டு நாம் அமைதியான நாடு என்று சொல்லிக்கொள்ளுதல் அந்தப் பெண்களுக்கு இழைக்கும் அநீதி.

பிற குற்றங்களை நாடுகளுக்கிடையே ஒப்பிடுவதில் இன்னும் கவனம் வேண்டும். சுவீடனின் பாலியல் குற்ற விகிதம் உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாகத் தெரிவதற்குப் பெரிய காரணம், அங்கே ஒவ்வொரு செயலும் தனித்தனியாக எண்ணப்படுவதும், இசைவின்மையையே குற்றத்தின் அடிப்படையாகக் கொண்ட விரிந்த வரையறையும் ஆகும்.

நான்காம் படி: காரணிகளை ஒன்றொன்றாகச் சோதியுங்கள்

நம்பத்தக்க எண் கைக்கு வந்த பிறகே காரணங்களைத் தேடவேண்டும். முதலில் எல்லோரும் கேட்பது வறுமையைப் பற்றி.

பிரான்சில் புள்ளியியலாளர் ஆந்திரே மிஷேல் கெர்ரி 1833இல் மாவட்ட வாரியாகக் குற்ற வரைபடங்களை வெளியிட்டபோதே, சொத்துக்கு எதிரான குற்றங்கள் ஏழைப் பகுதிகளில் அல்லாமல் வளமான வடபகுதியில் மிகுந்திருப்பது தெரியவந்தது. திருட ஏதேனும் இருக்கும் இடத்தில்தான் திருட்டு நடக்கும் என்பது இன்று எளிதாகத் தோன்றலாம். அன்று அது பலரது நம்பிக்கையைக் குலைத்தது. இந்தியாவில் பொருளியலாளர்கள் ழான் திரேஸும் ரீத்திகா கேராவும் 1980களின் தொடக்கத்து மாவட்டக் கொலைத் தரவுகளை ஆராய்ந்து 2000இல் வெளியிட்ட கட்டுரையில், கொலை விகிதத்துக்கும் வறுமைக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு தென்படவில்லை, நகரமயமாதலோடும் இல்லை. எழுத்தறிவு மிகுந்த மாவட்டங்களில் கொலை குறைவாக இருந்தது. அவர்கள் கண்ட மிக வலுவான தொடர்பு பாலின விகிதத்தோடு: ஆண்களுக்கு ஈடாகப் பெண்கள் இருந்த மாவட்டங்களில் கொலை குறைந்தும், பெண்கள் குறைந்த மாவட்டங்களில் கூடியும் இருந்தது. பெண்ணைப் பிறக்கும் முன்பும் பிறந்த பின்பும் வேண்டாதவளாக்கும் ஆணாதிக்கப் பண்பாடும், தகராறைக் கத்தியால் தீர்க்கும் பண்பாடும் ஒரே வேரிலிருந்து வருவன என்று அதைப் புரிந்துகொள்ளலாம். என் பார்வையில், இந்தியச் சூழலில் இதைவிடக் கவனிக்கத்தக்க தொடர்பு வேறில்லை. இதைக் கேட்காமலேயே ஆய்வுகள் எழுதப்படுவது வருத்தம் தருகிறது.

நிலையான வறுமையைவிடத் திடீர் வீழ்ச்சி வேறு விதமாகச் செயல்படுகிறது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தின்போது தானியக் கொள்ளையும் திருட்டும் பெருகின. 1918இல் அரிசி விலை ஏறியபோது மாகாணத்தின் பல ஊர்களில் கடைகளும் சந்தைகளும் சூறையாடப்பட்டன. மக்கள் முன்பும் ஏழைகளே. ஆனால் உணவு எட்டாத விலைக்குப் போனபோதுதான் அவர்கள் எல்லை தாண்டினார்கள். அண்மைக்கால இந்திய ஆய்வுகளும் மழை பொய்த்த ஆண்டுகளில் சொத்துக் குற்றங்கள் கூடுவதைக் காட்டியிருக்கின்றன. அதே ஆண்டுகளில் வரதட்சணை மரணங்களும் கூடுகின்றன என்பதைப் பொருளியலாளர்கள் சீதல் சேக்ரியும் ஆடம் ஸ்டோரிகார்டும் எடுத்துக்காட்டியுள்ளனர். விளைச்சல் போன வீட்டில் மருமகளின் பிறந்த வீடு ஒரு பணப்பெட்டியாகப் பார்க்கப்படுகிறது; கொண்டுவா என்ற நெருக்கடி அடியாகவும் மரணமாகவும் முடிகிறது. பொருளாதாரக் காரணி, சமூக வழக்கம் ஒன்றின் வழியாகப் பாய்ந்துதான் குற்றமாகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. ஆகவே உங்கள் கணக்குத்தாளில் வறுமை விகிதத்துக்கு அருகில் மழையளவுக்கும் உணவுப்பொருள் விலைக்கும் தனித்தனிப் பத்திகளை ஒதுக்குங்கள்.

வேலையின்மையைப் பற்றி அமெரிக்க ஐக்கிய நாட்டின் அனுபவம் எச்சரிக்கையூட்டுவது. அங்கே 1991இல் லட்சத்துக்கு 9.8 ஆக இருந்த கொலை விகிதம் 2014இல் அதில் பாதிக்கும் கீழே இறங்கியது. இடையில் 2009 அக்டோபரில் வேலையின்மை 10 விழுக்காட்டைத் தொட்டது. ஆயினும் கொலையும் திருட்டும் அந்த ஆண்டுகளில் தொடர்ந்து குறைந்தன. வேலை போனால் குற்றம் கூடும் என்று நேர்கோடு இழுத்தவர்கள் அங்கே விடையின்றி நின்றார்கள். அதற்காக வேலைவாய்ப்பு பொருட்டன்று என்று முடிவுகட்டுவதும் தவறு. வேலையிழந்தவருக்கு உதவித்தொகையும் குடும்பத்தின் சேமிப்பும் இருக்கும் நாட்டையும், பள்ளியை முடித்த இளைஞன் ஐந்தாறு ஆண்டுகள் ஊர் முச்சந்தியிலேயே நிற்கும் நாட்டையும் ஒரே தராசில் வைக்கமுடியாது. 1990களில் தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களில் சாதி மோதல்கள் தொடர்ந்தபோது அமைக்கப்பட்ட நீதிபதி ரத்தினவேல் பாண்டியன் தலைமையிலான குழு, அங்கே தொழில்கள் தொடங்கி இளைஞர்களுக்கு வேலை தரவேண்டும் என்று பரிந்துரைத்தது. சாதி வெறுப்பை வேலையின்மை உண்டாக்கவில்லை. வெறுப்பு கூப்பிட்டபோது போகக்கூடிய ஓய்வுள்ள இளைஞர்களை அது உண்டாக்கியது.

ஏற்றத்தாழ்வு வலுவான காரணியாகப் பல நாடுகளின் ஒப்பீட்டில் தொடர்ந்து வெளிப்படுகிறது. ஏற்றத்தாழ்வை 0 முதல் 1 வரை அளக்கும் கினி குறியீடு 0.63ஐ ஒட்டி நிற்கும் தென்னாப்பிரிக்காவில் 2022-23இல் 27,000க்கும் மேற்பட்ட கொலைகள் பதிவாயின. லட்சத்துக்கு ஏறத்தாழ 45. ஆனால் அதே நாட்டின் வரலாற்றை நீளவாக்கில் பாருங்கள். நிறவெறி ஆட்சி முடிந்த 1994இல் ஏறத்தாழ 26,000 ஆக இருந்த கொலைகள் 2011-12இல் 15,500ஐ ஒட்டி இறங்கின. பின்னர் மீண்டும் ஏறின. அந்தக் காலம் முழுவதும் ஏற்றத்தாழ்வு பெரிதாகக் குறையவே இல்லை. ஒரு நாடு ஏன் இன்னொரு நாட்டைவிட வன்முறை மிகுந்தது என்ற வினாவுக்கு ஏற்றத்தாழ்வு நல்ல விடை. இந்த ஆண்டு ஏன் கூடியது என்ற வினாவுக்குத் துப்பாக்கிகள், கும்பல்கள், காவல் துறையின் சீர்குலைவு போன்ற விரைந்து மாறும் காரணங்களையே பார்க்கவேண்டும். நாடுகளுக்கிடையிலான ஒப்பீடும் காலத்தினூடான ஒப்பீடும் இரு வேறு வினாக்கள் என்பதைத் தொடக்கத்திலேயே பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

வயது அமைப்பு எல்லா நாடுகளிலும் செயல்படுகிறது. வன்முறையில் ஈடுபடுவோரில் பதின்ம வயது முதல் முப்பது வரையிலான ஆண்களே மிகுதி. ஜப்பானில் 2002இல் ஏறத்தாழ 28.5 லட்சமாக இருந்த பதிவான குற்றங்கள் 2021இல் 5.7 லட்சத்துக்கும் கீழே இறங்கியதில் மூப்படைந்த மக்கள்தொகைக்கும் பங்குண்டு. அங்கேயும் ஒரு துயரம் தெரிகிறது: பிடிபடுவோரில் ஐந்தில் ஒருவருக்கும் மேல் 65 வயதைக் கடந்தவர், அவர்களில் பலர் கடைகளில் சிறு பொருள்களைத் திருடியவர்கள். தனிமையும் போதாத ஓய்வூதியமும் முதியவர்களைச் சிறைக்கு அனுப்பும் சமூகம் அது.

இன்னொரு காரணியைப் பெரும்பாலான புதியவர்கள் விட்டுவிடுகிறார்கள்: தகராறைத் தீர்த்துக்கொள்ள நம்பத்தக்க இடம் இருக்கிறதா என்பது. காப்பகம் கொலைகளின் நோக்கத்தையும் வகைப்படுத்துகிறது. 2022இன் 28,522 கொலைகளில் 9,962 தகராறுகளால் நிகழ்ந்தவை, முன்விரோதத்தால் 3,761, ஆதாயக் கொலைகள் 1,884 மட்டுமே. செய்தித்தாளில் பரபரப்பாக வரும் பணத்துக்கான கொலை மொத்தத்தில் சிறு பங்கு. வரப்புத் தகராறு, பாகப் பிரிவினை, தண்ணீர், கொடுக்கல் வாங்கல் ஆகியவையே உயிரைக் குடிக்கின்றன. உரிமையியல் நீதிமன்றத்தில் ஒரு நில வழக்கு தலைமுறைக்கும் நீடிக்கும், பட்டாவில் உள்ள பெயரும் நிலத்தில் உழுபவரும் வேறாக இருப்பார்கள் என்ற நிலையில், கட்டப்பஞ்சாயத்தும் அரிவாளும் அந்த இடத்தை நிரப்புகின்றன. எனவே நிலப்பதிவேட்டின் ஒழுங்கையும் நிலுவை வழக்குகளின் எண்ணிக்கையையும் குற்றத்தின் பொருளாதாரக் காரணிகளாகவே எண்ணவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஐந்தாம் படி: சாதியையோ மதத்தையோ காரணியாக எழுதாதீர்கள்

இது அறிவியலும் அறமும் சேர்ந்த விதி. 1871இல் பிரிட்டிஷ் அரசு இயற்றிய குற்றப் பரம்பரைச் சட்டம், முழுச் சமூகங்களையும் பிறவிக் குற்றவாளிகள் என்று பட்டியலிட்டது. 1911இல் விரிவாக்கப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மதுரைப் பகுதியின் பிரமலைக் கள்ளர் ஊர்களில் ஆண்களின் கைரேகை பதிந்து, இரவில் காவல் நிலையத்தில் படுக்கவைக்கும் கொடுமை நடந்தது. அதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் பெண் ஒருவர் உட்படப் பதினாறு பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இலும் நாடு முழுவதும் 1952இலும் நீக்கப்பட்டது. ஒரு சமூகத்தின்மீது கண்காணிப்பைக் குவித்தால் அங்கிருந்து வழக்குகள் மிகுதியாகப் பதிவாகும். அந்தப் பதிவையே சான்றாகக் காட்டிக் கண்காணிப்பை நியாயப்படுத்துவார்கள். சிறைகளில் பட்டியலினத்தவரும் பழங்குடியினரும் முஸ்லிம்களும் மக்கள்தொகைப் பங்கைவிடக் கூடுதலாக விசாரணைக் கைதிகளாக இருப்பதைப் படிக்கும்போதும் இதே சுழற்சியைக் கேள்வி கேளுங்கள்: யார் குற்றம் செய்தார் என்பதோடு, யார் பிடிக்கப்பட்டார், யாரால் பிணை கட்ட முடியவில்லை என்பதையும்.

ஆறாம் படி: தரவுகளைப் பொருத்துங்கள்

குற்றத் தரவு ஜனவரி முதல் டிசம்பர் வரை. வேலையின்மைக்கான காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு 2017இல் தொடங்கியபோது அதன் ஆண்டு ஜூலை முதல் ஜூன் வரை. நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பு 2011-12க்குப் பின் 2022-23ஆம் ஆண்டுக்குத்தான் வெளியானது. நடுவில் எடுத்த 2017-18 அறிக்கையை அரசு வெளியிடவில்லை. ஆகவே பத்தாண்டுகளுக்கு வறுமை, ஏற்றத்தாழ்வு பற்றிய வரிசையான எண்கள் இல்லை. நடுவில் உள்ள ஆண்டுகளுக்கு நேர்கோடு இழுத்து நிரப்பிய அட்டவணைகளை நம்பாதீர்கள்.

பதிவுக்கு வராத குற்றத்தை அறியப் பாதிக்கப்பட்டோரிடமே கேட்கும் கணக்கெடுப்பு வேண்டும். அமெரிக்காவில் 1970களிலிருந்தும் இங்கிலாந்தில் 1982 முதலும் அது நடக்கிறது. இந்தியாவில் தேசிய அளவில் ஒழுங்கான ஏற்பாடு இல்லை. 2017இல் ஐடிஎஃப்சி இன்ஸ்டிடியூட் தில்லி, மும்பை, பெங்களூரு, சென்னை ஆகிய நகரங்களில் நடத்திய ஆய்வில், பொருளைப் பறிகொடுத்தவர்களில் எஃப்.ஐ.ஆர். பெற்றவர்கள் சிறு பகுதியினரே. வீட்டுக்குள் நடக்கும் வன்முறைக்குத் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு கைகொடுக்கும். அதன் ஐந்தாம் சுற்றில், தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 38 விழுக்காட்டினர் கணவனின் வன்முறையை அனுபவித்ததாகச் சொன்னார்கள். நாடு முழுவதிலும் வன்முறைக்கு உள்ளான பெண்களில் உதவி நாடியவர்கள் 14 விழுக்காடு மட்டுமே. இந்த இரண்டு எண்களையும் காவல் நிலைய எண்ணுக்கு அருகில் வைத்தால், பதிவின் இடைவெளி கண்முன் நிற்கும்.

தொடங்குவதற்கு நான் பரிந்துரைப்பது சிறிய ஆய்வு. உங்கள் மாநிலத்தின் மாவட்டங்களை எடுத்து, பத்தாண்டுகளுக்குக் கொலை விகிதத்தை மட்டும் ஒரு பத்தியில் இடுங்கள். பக்கத்தில் பாலின விகிதம், பெண் எழுத்தறிவு, மழையளவு ஆகியவற்றை இடுங்கள். மாவட்டங்களின் எல்லை மாறியிருந்தால், தென்காசி திருநெல்வேலியிலிருந்து பிரிந்தது போல, பழைய எல்லைக்கே திருப்பிச் சேர்த்துக் கணக்கிடுங்கள். ஒரு மாவட்டத்தில் ஓராண்டுக்கு நாற்பது கொலைகள் என்றால், பத்துக் கூடுவதும் குறைவதும் தற்செயலாகவே நிகழலாம். எனவே மூன்றாண்டுச் சராசரியைப் பயன்படுத்துங்கள். இரண்டு பத்திகள் சேர்ந்து ஏறுவதைக் கண்டால், மூன்றாவது ஒன்று இரண்டையும் ஏற்றுகிறதா என்று தேடுங்கள். மாவட்ட அளவில் தென்படும் தொடர்பைத் தனிமனிதர்மேல் ஏற்றாதீர்கள். எழுத்தறிவு குறைந்த மாவட்டத்தில் கொலை அதிகம் என்பதால் கொலை செய்தவர் எழுத்தறிவற்றவர் என்று ஆகாது.

ஏழாம் படி: எழுதும்போது

குற்றம் கூடியது என்று எழுதுமுன் பதிவு கூடியது என்று எழுதிப் பாருங்கள். சான்று அனுமதித்தால் மட்டும் முதல் சொல்லுக்கு மாறுங்கள். 2022இல் 65,893 ஆக இருந்த இணையக் குற்ற வழக்குகள் 2023இல் 86,420 ஆனபோது, மோசடி கூடியதும் இணைய மோசடிகளைப் புகார் செய்வதற்கான 1930 உதவி எண் பலருக்குத் தெரியவந்ததும் சேர்ந்தே நடந்தன. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். எந்த ஆண்டின் தொகுதி, எந்த அட்டவணை, எந்த மக்கள்தொகையால் வகுத்தது என்ற மூன்றையும் எண்ணுக்குப் பக்கத்திலேயே தாருங்கள். தொகுதிகள் தாமதமாக வருவதால் (2023ஆம் ஆண்டினது 2025 செப்டம்பரில்தான் வெளியானது) நேற்றைய நிகழ்வை அந்த எண்ணால் விளக்க முயலாதீர்கள். மாநில அரசு அனுப்பிய எண் பிறகு திருத்தப்படுவதும் உண்டு. ஆகவே பழைய ஆண்டை அண்மைத் தொகுதியில் தரப்பட்ட எண்ணோடு ஒருமுறை சரிபார்த்துவிட்டு அச்சுக்கு அனுப்புங்கள்.